அப்பா பாதியில் நிறுத்திய வார்த்தை

கேள்வி: ஓய்வுபெற்ற என் அப்பா எந்நேரமும் ஆங்கில அகராதியும் கையுமாக இருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் ஏதாவது ஒரு வார்த்தை எப்படிப் பிறந்தது என்று ஆரம்பித்துவிடுவார். போன வாரம் ‘நாய்ஸ்’. களைத்து வரும் எனக்கு அவருடைய நாய்ஸே தாங்கவில்லை. இப்போது பரவாயில்லை, என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிடுகிறார். ஆனால் என் மகளிடம் தொடர்கிறார். அவள் படிப்பு கெடாமல் எப்படித் தடுப்பது?

பதில்: ‘இப்போது பரவாயில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அந்த இடத்தைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை. மகன் தலையைக் கண்டதும் ஒரு பெரியவர் சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்கிறார். அது உங்களுக்கு நிம்மதியா?

அன்று அவர் எதைச் சொல்ல வந்திருப்பார் என்று நான் சொல்கிறேன். நாய்ஸ், 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அங்கே அதற்கு ஆரவாரம் என்றும் பொருள், சண்டை சச்சரவு என்றும் பொருள். வம்புக்கு இழுப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடர் ஒன்றில் அந்தச் சொல் இன்றும் இருக்கிறது. அதற்கும் முன்னால் போனால் லத்தீன் ‘நாசியா’, அதாவது கடல் பயணத்தில் வரும் குமட்டல், என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். நாசியாவுக்கு வேர், கிரேக்கத்தில் கப்பலைக் குறிக்கும் ‘நௌஸ்’. வயிறு புரட்டும் கப்பலில் எழுந்த கூச்சலே சத்தத்துக்குப் பெயரானது என்று விளக்கம் தருகிறார்கள்.

ஆனால் 1611இல் வந்த ஆங்கில பைபிளின் 100ஆம் சங்கீதம், கடவுளை நோக்கி மகிழ்ச்சியாக ‘நாய்ஸ்’ எழுப்பச் சொல்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் வாத்தியக் குழுவுக்கே அந்தப் பெயர் உண்டு. இத்தனை பொருள் இருக்க, பெற்ற தகப்பன் பேச்சுக்கு நீங்கள் அதை இரைச்சல் என்ற பொருளில்தான் வைத்திருக்கிறீர்கள்.

பேத்தியிடம் பேசுவதையும் தடுக்க வழி கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். தாத்தாவிடம் நௌஸைக் கேட்ட குழந்தைக்கு, கப்பல், கடல் பயணம் சார்ந்தது என்று பொருள்படும் ‘நாட்டிக்கல்’ என்ற சொல் பாடத்தில் வரும்போது பாதி புரிந்திருக்கும். அதுவும் படிப்புதான். களைப்பு எல்லோருக்கும் உண்டு. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு அவரும் வேலை முடிந்து வந்துதான் பதில் சொல்லியிருப்பார்.

இன்று இரவு போனை எடுத்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். “கப்பலுக்கும் நாய்ஸுக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்று கேளுங்கள். “ஒன்றுமில்லை, நீ சாப்பிடு” என்பார். இன்னொரு தடவை கேளுங்கள்.