பாஸ்வேர்டு சரி, அப்பாச்சி ஏன் மறுக்கிறது?

கேள்வி: எங்கள் செயலி ஜாங்கோ என்ற பைதான் வலைக் கட்டமைப்பில் ஓடுகிறது. அறிக்கைகள் உள்ள கோப்புறையை மட்டும் வலைச் சேவையகமான அப்பாச்சி நேரடியாக வழங்குகிறது. அதற்குத் தனி பாஸ்வேர்டு கோப்பு இருக்கிறது. அதை விட்டுவிட்டு, செயலியின் பயனர் அட்டவணையையே அப்பாச்சி பார்க்கும்படி அமைத்தேன். சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் உள்ளே விடவில்லை. ஏன்?

பதில்: தனிக் கோப்பைக் கைவிட நினைத்ததற்கே பாராட்டு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஒருவர் விலகிய அன்றே செயலியில் அவர் கணக்கை முடக்கினோம். பாஸ்வேர்டு கோப்பில் இருந்த அவருடைய வரி யாருக்கும் நினைவில்லை. நான்கு மாதம் கழித்துப் பதிவுகளைப் புரட்டியபோதுதான், அவர் பெயரில் அறிக்கைகள் இறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

உங்கள் அட்டவணையில் பாஸ்வேர்டு உள்ள கட்டத்தைத் திறந்து பாருங்கள். டாலர் குறிகளால் பிரிக்கப்பட்ட நான்கு துண்டுகள் தெரியும்: பாஸ்வேர்டை உருமாற்றும் முறையின் பெயர், அதைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை, உப்பு (கூடவே கலக்கும் தற்செயல் எழுத்துகள்), ஹாஷ் (உருமாறி வந்த முடிவு). இந்த வடிவம் அப்பாச்சிக்குப் புரியாது. பி-கிரிப்ட், தனக்கே உரிய எம்.டி.5 வகை போன்ற சில ஹாஷ் முறைகளைத்தான் அது படிக்கும். அட்டவணையிலிருந்து பாஸ்வேர்டை எடுக்கும் எஸ்.க்யூ.எல். வரியை எத்தனை முறை திருத்தினாலும் பிழைப் பதிவில் 'பாஸ்வேர்டு பொருந்தவில்லை' என்றே வரும்.

ஒப்பிடும் வேலையை ஜாங்கோவிடமே விடுங்கள். பைதான் நிரல்களை ஓட்ட உதவும் அப்பாச்சியின் டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. தொகுதியோடு சேர்ந்து இயங்குவதற்கென்றே 'செக் பாஸ்வேர்டு' என்ற செயற்கூறு ஜாங்கோவில் தயாராக இருக்கிறது. ஒரு சிறு பைதான் கோப்பில் உங்கள் அமைப்புக் கோப்பின் பெயரைக் குறிப்பிட்டு, ஜாங்கோவைத் தொடங்கி, அந்தச் செயற்கூறை இறக்குமதி செய்யுங்கள். பிறகு, சரிபார்க்க வேண்டியது இந்தக் கோப்புதான் என்று அப்பாச்சிக்குச் சொல்லிவிடுங்கள். முடக்கிய கணக்கையும் இல்லாத பெயரையும் அது ஒன்றாகவே பார்க்கும். இரண்டுக்கும் கதவு திறக்காது. நான் சொன்ன அந்த நான்கு மாதக் கூத்து இனி நடக்காது.

வேகத்தைக் கவனியுங்கள். உலாவி ஒவ்வொரு கோரிக்கையோடும் பெயரையும் பாஸ்வேர்டையும் அனுப்பும். ஜாங்கோ 4.2 ஒரு பாஸ்வேர்டைச் சரிபார்க்க 6,00,000 சுற்றுகள் ஓட்டுகிறது. பக்கத்தில் நாற்பது படங்கள் இருந்தால் நாற்பது முறையும் இதே வேலை. ரகசியமில்லாத படங்களைப் பூட்டிய கோப்புறையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். எச்.டி.டி.பி.எஸ். என்ற மறையாக்கிய இணைப்பு இல்லாமல் இதைத் திறந்துவிடவே வேண்டாம்; பாஸ்வேர்டு பேஸ்-64 என்ற, மறையாக்கம் இல்லாத வெறும் எழுத்து மாற்ற வடிவில்தான் போகிறது, இடையில் பார்ப்பவர் நொடியில் படித்துவிடுவார்.