தகுதியான டிஸ்லெக்சியா பயிற்சியாளர் பக்கத்தில் இல்லையென்றால்

எட்டு வயது மகனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிக்கல்) என்று உறுதியாகிவிட்டது, முறையாகப் பயின்ற சிகிச்சையாளர் வெகுதூரத்தில் இருக்கிறார், கட்டணமும் கட்டுப்படியாகவில்லை என்கிறீர்கள். பக்கத்தில் ஒருவர் வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் தந்து மூன்றே மாதத்தில் சரியாக்குவதாகச் சொல்கிறாராம். தயவுசெய்து அவரிடம் பணம் கட்டாதீர்கள். டிஸ்லெக்சியா கண் கோளாறு இல்லை; சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு சேர்ப்பதில் வரும் சிக்கல். இந்த இரண்டு வைத்தியங்களுக்கும் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அகாடமி 2009-லேயே சொல்லிவிட்டது. வசதியில்லாத பெற்றோரைத்தான் இப்படிப்பட்ட வாக்குறுதிகள் அதிகம் பிடிக்கின்றன. எனக்கு அதில்தான் கோபம்.

தொலைவில் இருக்கும் அந்தச் சிகிச்சையாளரிடமே வீடியோ வழியாகப் பயிற்சி நடத்துவாரா என்று கேளுங்கள். வாரம் முழுக்க அவரே நடத்தக் கட்டுப்படியாகாவிட்டால், மாதம் ஓரிரு முறை அவர் திட்டம் போட்டுத் தரட்டும், தினமும் பதினைந்து நிமிடம் நீங்கள் செய்யுங்கள். உதாரணமாக, 'படம்' என்று வாயால் சொல்லி, முதலில் வரும் 'ப்' ஒலியை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். 'அடம்' என்று அவன் கண்டுபிடித்த பிறகு, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதட்டும். சோர்ந்துவிட்டால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.

அப்புறம், பள்ளியில் தேர்வுக்குக் கூடுதல் நேரம், கேள்வித்தாளை வாசித்துக் காட்டுதல் இரண்டையும் எழுத்து மூலமாகவே கேளுங்கள். மதிப்பீட்டு அறிக்கையின் நகலையும் இணையுங்கள்.

அவன் எழுத்துக்கூட்டும்போது திணறுகிறானா, வாசித்தபின் பொருள் புரியவில்லையா? சொன்னால் அதற்கேற்ற பயிற்சிகளை எழுதுகிறேன்.