வாசலை மறிக்கும் பள்ளி வண்டிகள்

கேள்வி: உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் கடலோரக் கிராமம் எங்களுடையது. வீட்டுக்கு எதிரே ஒரு தனியார் பள்ளி. காலை எட்டரைக்கும் மாலை நாலு மணிக்கும் காரும் ஆட்டோவும் எங்கள் வாசலை மறித்து நிற்கின்றன. கணவர் துபாயில் இருக்கிறார். மாமனாரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு ராமநாதபுரம் அழைத்துப் போவது நான்தான். போன வாரம் ஒருவர் காரைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குள் போய்விட்டார். அவர் வரும்வரை மாமனார் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். கேட்டால், “அஞ்சு நிமிசம் பொறுக்க மாட்டியளா அக்கா?” என்கிறார். வாசல் முன்னால் பாறாங்கல் போட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கோபம் முழுக்க நியாயம். டயாலிசிஸ் என்றால் ஒரு தடவைக்குச் சுமார் 4 மணி நேரம் மெஷினில் இருக்க வேண்டும். அதே மெஷினுக்கு அடுத்த நோயாளியும் காத்திருப்பார். வாசலில் போன நிமிடங்களை அங்கே யாரும் திருப்பித் தர முடியாது.

ஆனால் கல் வேண்டாம். ஐஸ் பெட்டி கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் விடியுமுன் மீன் எடுக்கப் போகிறவர் இருட்டில் அதில் மோதினால் பழி உங்கள் தலையில் விழும். டயரில் காற்றைப் பிடுங்கினால் அந்தக் கார் நாள் முழுக்க உங்கள் வாசலிலேயே கிடக்கும்.

சட்டம் உங்கள் பக்கம்தான். பள்ளி வாசல், மருத்துவமனை வாசல், பேருந்து நிறுத்தம், அடுத்தவர் வீட்டு வழி ஆகிய இடங்களில் வண்டி நிறுத்தக் கூடாது என்று 1989-ல் வந்த சாலை விதிகளே சொல்லிவிட்டன. மற்றவர்களுக்கு இடைஞ்சலாக வண்டியை விட்டுப் போவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவில் வருகிறது. அபராதம் முதல் தடவை 500 ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 1,500 ரூபாய் வரை.

அவர்கள் ஏன் உங்கள் வாசலையே தேடி வருகிறார்கள்? நம் கடலோரச் சாலைகளில் தார் முடிந்த இடத்திலேயே மணல் தொடங்கிவிடுகிறது. ஓரங்கட்டினால் டயர் புதைந்துவிடும் என்று காரோட்டுகிறவருக்குப் பயம். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே தண்ணீரும் தேங்கும். உங்கள் வாசலில் சிமென்ட் சரிவு போட்டிருந்தால், அந்த வரிசையில் கெட்டியான தரை அது ஒன்றாகத்தான் இருக்கும். அதற்காக அவர்கள் செய்வது சரியென்று ஆகாது. ஆனால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சண்டை போட்டு இது தீராது. நாளைக்கு வேறொருவர் வந்து நிற்பார்.

அதனால் பள்ளி நிர்வாகத்திடம் போங்கள். அக்கம்பக்கத்தார் இரண்டு பேரையும், அங்கே பிள்ளை படிக்கும் தாய் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வாசலைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் குழந்தைகளைப் பற்றிப் பேசுங்கள். எல்கேஜி குழந்தையின் தலை காரின் பின்கண்ணாடி உயரத்துக்குக்கூட வராது. வண்டியைப் பின்னால் எடுக்கிறவருக்கு அந்தக் குழந்தை நிற்பதே தெரியாது. நெருக்கி நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து பிள்ளை சாலைக்கு ஓடி வந்தால் எதிரே வருகிற வேனுக்கும் தெரியாது. உங்கள் சிரமத்தை ஒதுக்கிவிடுகிற நிர்வாகம்கூட இதை ஒதுக்க முடியாது.

சின்ன வகுப்புகளைக் கால் மணி நேரம் முன்னதாக விடலாம். பள்ளிக்கு மைதானம் இருந்தால் வண்டிகளை உள்ளே அனுமதிக்கலாம். காலையும் மாலையும் ஓர் ஊழியர் வெளியே நின்று ஒழுங்குபடுத்தலாம். இவற்றை எழுத்தில் கேளுங்கள். நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். அசையவில்லை என்றால் அந்த நகலோடு காவல் நிலையத்துக்கும், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் போகலாம். கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. பள்ளியைத் தாண்டி உள்ள சாலையோரத்தில் கிராவல் கொட்டிக் கெட்டிப்படுத்தித் தரும்படி அங்கே தீர்மானம் கேளுங்கள். எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். நிற்க இடம் கிடைத்தால் பாதிப் பேர் தாமாகவே அங்கே போய்விடுவார்கள்.

அந்தக் கார்க்காரரிடமும் ஒரு தடவை பேசுங்கள். வண்டியோடு அவசரத்தில் நிற்கும்போது வேண்டாம், வேறொரு வேளையில் பேசுங்கள். ஆட்டோவில் இருந்தவர் எங்கே போகக் காத்திருந்தார் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. தினமும் பிள்ளைகளை ஏற்றி வரும் ஆட்டோ அண்ணன்களிடமும் சொல்லி வையுங்கள். எந்தக் கார் யாருடையது என்பது அவர்களுக்குத்தான் அத்துப்படி. கேட்டில் ‘நோயாளி செல்லும் வழி’ என்று பலகை மாட்டலாம், ஆனால் மாமனாரிடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள். தன் நோயைத் தெருவுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் ஆட்டோவை எட்டு மணிக்கே வரச் சொல்லி வாசலில் நிறுத்திவிடுங்கள். கூட்டம் சேருமுன் கிளம்பிவிடலாம். பள்ளிக்குக் கொடுக்கும் கடிதத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மழை இறங்கிவிட்டால் இப்போது இருக்கும் மணல் ஓரமும் தண்ணீரில் போய்விடும். அப்புறம் மொத்தக் கூட்டமும் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.