சிறுகதை எழுதுவதைச் சமையலோடு ஒப்பிடுகிறார்களே, அது சரியா?

எந்தச் சமையல் என்பதைப் பொறுத்தது. தாளிப்பில் ஒப்பேற்றும் சமையல் என்றால் எனக்குச் சம்மதமில்லை. எங்கள் சேலத்திலும், 1965 வரை இதே மாவட்டமாக இருந்த தருமபுரியிலும் கிண்டும் கேழ்வரகுக் களி என்றால் சரி.

முதலில் நொய்யைக் குழையக் குழைய வேக வைக்க வேண்டும். கதையில் ஊர், மனிதர், பேச்சு எல்லாம் அந்த நொய்தான். பிறகு மாவை மேலே குவியலாகக் கொட்டி, நடுவே துடுப்பால் ஒரு குழி போட்டு, மூடி, தீயைக் குறைத்துவிட வேண்டும். உடனே கிண்டக் கூடாது. கை பரபரக்கும்தான். ஆனால் அவசரப்பட்டால் மாவின் வெளிப்புறம் மட்டும் வெந்து இறுகும். உள்ளே பச்சை மாவு. அதுதான் கட்டி. நேற்றுக் கேள்விப்பட்ட சங்கதியை இன்றே கதையாக்கினால் இதே கதிதான். எத்தனை அடைமொழி ஊற்றினாலும் கரையாது.

அடுத்தது கிண்டல். பாத்திரத்தைக் காலால் அண்டக்கொடுத்து, தோள் வலிக்க வலிக்கக் கிண்டுவாள் என் அம்மாயி. திருத்தி எழுதுவது அந்த வேலை. பலர் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள், நானும் பலமுறை!

பதம் பார்க்க, கையை நனைத்துத் தொட வேண்டும். ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். கதையை நான் உரக்கப் படித்துப் பார்ப்பேன். நாக்கு எங்கே ஒட்டுகிறதோ அந்த வரி வேகவில்லை.

ஒன்றில் மட்டும் ஒப்புமை உதைக்கும். களியை மெல்லாமல் விழுங்கலாம், கொள்ளுக் கடைசல் துணையிருந்தால்.