கார் டீடெய்லிங் கடைக்கு வெப்சைட்டும் விலைப்பட்டியலும்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது?

கேள்வி: ஒரு கார் சர்வீஸ் சென்டரில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். இப்போது கோவை சரவணம்பட்டியில், சத்தி ரோட்டுக்குப் பக்கத்தில் ஷெட் வாடகைக்கு எடுத்து, அடுத்த மாதம் சொந்தமாக கார் டீடெய்லிங் கடை, அதாவது காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் கடை, தொடங்குகிறேன். வேலைக்கு இரண்டு பையன்கள். ஒரு ஏஜென்சி 65 ஆயிரம் ரூபாய்க்கு வெப்சைட் செய்து, மூன்று மாதத்தில் கூகுள் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்கிறது. பக்கத்துக் கடையில் இன்டீரியர் கிளீனிங் 999 ரூபாய். நான் 899 போடலாமா? வெப்சைட்டில் விலையைப் போடலாமா, கூடாதா?
- வாசகர், கோவை

பதில்: இப்போதைக்கு 899 போடாதீர்கள். அந்த 65 ஆயிரத்தையும் கொடுக்காதீர்கள்.

முதலில் ஏஜென்சி. அவர்கள் தந்த கொட்டேஷனை எடுத்து, டொமைன் யார் பெயரில் பதிவாகும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். டொமைன் என்பது உங்கள் கடையின் இணைய முகவரி. டாட் இன், டாட் காம் என்று முடியுமே, அது. அனேகமாக எழுதியிருக்காது. நடப்பது என்னவென்றால், ஏஜென்சிக்காரர் தன் மெயில் ஐடியில், தன் கணக்கில், தன் கார்டு போட்டு அதை வாங்கிவிடுவார். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் 'ரின்யூவல், மெயின்டனன்ஸ்' என்று பதினைந்தாயிரமோ இருபதாயிரமோ கேட்டு வாட்ஸ்அப்பில் பில் வரும். அதற்குள் உங்கள் போர்டு, விசிட்டிங் கார்டு, பில் புத்தகம் எல்லாவற்றிலும் அந்த முகவரி ஏறியிருக்கும். அடுத்தவர் மனையில் வீடு கட்டியவரின் கதிதான் அப்புறம். கேட்டதைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

போலீஸில் புகார் கொடுக்கலாமே என்பீர்கள். 'இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்' என்று அனுப்பிவிடுவார்கள். டாட் இன் முகவரிகளுக்கு நடுவர் மூலம் தீர்க்கும் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குக் கட்டணம், வக்கீல், அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை இருப்பதற்கான ஆதாரம் எல்லாம் வேண்டும். ஷெட் வாடகைக்கே யோசிக்கிறவர் அதில் எங்கே இறங்குவது? சின்ன வியாபாரிக்கு இதில் நேர் வழி என்று எதையும் யாரும் வைக்கவில்லை. இத்தனை வருடமாகியும் இதே கதையைக் கேட்க எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அதனால் டொமைனை நீங்களே வாங்குங்கள். உங்கள் மெயில் ஐடி, உங்கள் போன் நம்பர், உங்கள் யுபிஐ. பத்து நிமிட வேலை. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் முடிந்துவிடும். முதல் வருடம் நூறு, இருநூறு என்று ஆசை காட்டுவார்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் ரின்யூவல் விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெப்சைட் செய்கிறவருக்கு வேலை செய்ய அனுமதி மட்டும் கொடுங்கள், பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு பக்கம்தான். தெரிந்த டிசைனர் பையனிடம் கொடுத்தால் பத்துப் பதினைந்தாயிரத்துக்குள் நன்றாகவே செய்து தருவான்.

அப்புறம் அந்த 'முதல் பக்கம்'. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. உங்கள் கஸ்டமர் எப்படித் தேடுவார் என்று யோசியுங்கள். காளப்பட்டியில் அப்பார்ட்மென்டில் இருப்பவர் போனை எடுத்து 'கார் வாஷ் நியர் மீ' என்று தட்டுவார். மேலே மேப்பும் சில கடைகளும் வரும். அந்தப் பட்டியலுக்குக் கூகுள் முக்கியமாகப் பார்ப்பது மூன்று: தேடியதற்கும் உங்கள் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்பது. தள்ளியிருக்கும் சிங்காநல்லூரில் இருந்து தேடுகிறவருக்காக உங்கள் ஷெட்டை எந்த ஏஜென்சியும் நகர்த்தி வைக்க முடியாது. அந்த மேப்பில் வர கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது கூகுளில் உங்கள் கடையின் விவரப் பக்கம், வேண்டும். அது முழுக்க இலவசம். 'கூகுளில் இருந்து பேசுகிறோம், உங்கள் லிஸ்டிங் முடியப் போகிறது, 4,999 கட்டுங்கள்' என்று கட்டாயம் போன் வரும். பேசாமல் கட் பண்ணிவிடுங்கள்.

ப்ரொஃபைலில் முதன்மை உரிமையாளர் நீங்கள்தான் என்பதை உறுதி செய்யுங்கள். வேறு யாரையாவது சேர்த்தால் மேனேஜர் என்று மட்டும் சேருங்கள். சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, கடையின் போர்டு, நீங்கள் ஷட்டரைத் திறப்பது, உள்ளே மெஷின்கள் என்று ஒரே மூச்சில் எடுங்கள். போர்டு மாட்டுவதற்கு முன்னால் விண்ணப்பித்தால் நிராகரிப்புதான் வரும். ஏன் என்று கேட்க அங்கே ஆள் கிடைப்பது கஷ்டம். எனவே போர்டை முதலில் மாட்டிவிடுங்கள். கடைப் பெயரோடு 'பெஸ்ட் கார் வாஷ் கோவை' என்றெல்லாம் ஒட்ட வேண்டாம், ப்ரொஃபைலையே முடக்கிவிடுவார்கள். ரிவியூவையும் விலைக்கு வாங்காதீர்கள்.

இலவசமானதற்குக் காசு கேட்கும் ரகத்தில் இன்னொன்று. சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். ஆனால் தேடிப் பாருங்கள், அரசு முத்திரை மாதிரியே ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கும் தனியார் தளங்கள் விளம்பரமாக மேலே நிற்கும். முகவரி கவ் டாட் இன் (gov.in) என்று முடியவில்லையென்றால் ஆதார் நம்பரைத் தட்டாதீர்கள். இலவசத் திட்டத்தைக் கொண்டுவந்தவர்கள், அதை வைத்துக் காசு பார்ப்பவர்களை ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள் என்பதற்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

சரி, அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? மேலே போன், வாட்ஸ்அப் பொத்தான்கள். கீழே மேப், நேரம், விலை, படங்கள். டீடெய்லிங் என்ற சொல்லைத் தெரியாதவர்களே அதிகம்; 'சீட் ஷாம்பூ வாஷ்', 'ரூஃப் கிளீனிங்', 'ஹெட்லைட் மஞ்சள் நீக்குதல்' என்று அவர்கள் கேட்கிற மாதிரியே எழுதுங்கள். படங்களை இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். டிரைவர் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சீட் ரெயிலுக்கு நடுவே இருக்கும் மண்ணையும் முறுக்குத் துண்டையும் ஒரு படம்; வேலை முடிந்ததும் அதே கோணம், அதே வெளிச்சத்தில் இன்னொரு படம். பளபளக்கும் வெளிநாட்டுக் கார் படங்களைவிட அதற்குத்தான் போன் வரும். நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள். கொட்டேஷனில் 'பேமென்ட் கேட்வே', அதாவது வெப்சைட்டிலேயே பணம் வாங்கும் வசதி, இருந்தால் அடித்துவிடலாம். அட்வான்ஸ் 500 ரூபாய் வாங்க வாட்ஸ்அப்பில் யுபிஐ க்யூஆர் அனுப்பினால் போதும்; வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு 2020 முதல் வியாபாரியிடம் கமிஷன் பிடிப்பதில்லை.

இனி விலை. பக்கத்துக் கடை போர்டைப் பார்த்து விலை போடுகிறவர்கள் ஆறு மாதத்தில் திணறுவார்கள். உங்கள் கணக்கைப் போடுவோம். நீங்கள் எழுதவில்லை என்பதால் உத்தேசமாக எடுத்துக்கொள்கிறேன். ஷெட் வாடகை 18,000. இரண்டு பேர் சம்பளம் 32,000. கரண்ட், தண்ணீர் 5,000. வணிக இணைப்பு, வீட்டுக் கட்டணத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். மெஷின் தேய்மானம், சில்லறைச் செலவு 5,000. உங்கள் சம்பளம் 25,000. இதை மட்டும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மொத்தம் மாதம் 85,000.

இரண்டு பேர், நாளுக்கு 8 மணி நேரம், 26 நாள் என்றால் 416 மணி நேரம். முதல் வருடத்தில் அதில் பாதி விற்றாலே நல்லது. மழை நாள் இருக்கிறது, ஆடி மாதம் இருக்கிறது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர் இருக்கிறார். ஆக 208 மணி நேரம். 85,000ஐ வகுத்தால் ஓர் ஆளின் ஒரு மணி நேரம் உங்களுக்கு ஏறக்குறைய 410 ரூபாய்க்கு அடங்குகிறது.

ஒரு ஸ்விஃப்ட் வண்டியில் சீட், ரூஃப், கார்ப்பெட், டோர் பேட் எல்லாம் ஒழுங்காகச் செய்ய இரண்டு பேருக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஆறு மணி நேரக் கூலி 2,460. கெமிக்கல், மைக்ரோஃபைபர் துணி 250. அடக்கம் 2,710. பதினைந்து சதவீத லாபம் வைத்தால் 3,100 ரூபாய். இதை 899க்குச் செய்தால் ஒவ்வொரு வண்டிக்கும் 1,800 ரூபாயை நீங்களே கஸ்டமர் கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

அப்படியானால் பக்கத்துக் கடைக்காரர் எப்படி 999க்குச் செய்கிறார்? போய்ப் பாருங்கள். வேக்கம் போடுவார், டாஷ்போர்டில் பாலிஷ் தடவுவார், முக்கால் மணி நேரத்தில் வண்டியை வெளியே விடுவார். இரண்டு பேர் முக்கால் மணி என்றால் 615, கெமிக்கல் 60, மொத்தம் 675. அதே வேலையை நீங்களும் 'வேக்கம், டாஷ்போர்டு துடைப்பு, 45 நிமிடம்' என்று வெளிப்படையாக எழுதி 799க்குப் போடலாம். நீங்கள் நினைத்த 899கூடப் போடலாம். டீப் கிளீனிங் 3,100 என்பது அதற்குக் கீழே தனி வரியாக நிற்கட்டும். எந்தெந்த இடம் சுத்தமாகும், எத்தனை மணி நேரம் என்று இரண்டுக்கும் எழுதினால் விலை வித்தியாசத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. எஸ்யூவி, எம்யூவி என்று பிரிக்காமல் ஸ்விஃப்ட், டிசையர், கிரெட்டா, எர்டிகா என்று வண்டிப் பெயரிலேயே பிரியுங்கள். எர்டிகாவுக்கு ஒன்பது மணி நேரக் கூலி போனால் விலை 4,500க்கு மேல் வரும். முதலில் வரும் சில வண்டிகளுக்குக் கடிகாரம் பார்த்து எழுதி, என் மணி நேரங்களை உங்கள் கணக்கால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆக, வெப்சைட்டில் விலையைப் போடுங்கள். 'விலைக்கு அழைக்கவும்' என்றால் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் ஒரே ஒரு வேலைக்கு நிலையான விலை போடக் கூடாது: பெயின்ட் கரெக்‌ஷன், அதாவது பெயின்டில் விழுந்த கீறலைத் தேய்த்து எடுப்பது; அதற்கு மேல் போடும் பாதுகாப்புப் பூச்சான செராமிக் கோட்டிங். கம்பெனி பெயின்ட் மொத்தமாகவே 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் இருக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் 40 மைக்ரான் அளவு. காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைப் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போகிறது. ஒரே வயதுள்ள இரண்டு கறுப்பு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மூடிய ஷெட்டில் நிற்பது. இன்னொன்றை அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் தினமும் காலை போர்வெல் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் வெயிலில் விடுகிறார். உப்புத் தண்ணீர் காய்ந்து வட்ட வட்டமாகக் கிளியர் கோட்டையே அரித்திருக்கும். சில வட்டங்கள் கரைசல் போட்டால் போகும், சிலவற்றைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், சில போகவே போகாது. முதல் வண்டி ஒரு நாளில் முடியும். இரண்டாவது மூன்று நாள் இழுக்கும். விபத்துக்குப் பின் பட்டி பார்த்து பெயின்ட் அடித்த பானெட்டில் பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரை வைத்தால் பல நூறு மைக்ரான் காட்டும். அதைக் கம்பெனி பெயின்ட் மாதிரி நினைத்துத் தேய்த்தால் பெயின்ட் உரிந்து வரக்கூடும்.

'புது வண்டிதானே, அதற்காவது ஒரே விலை போடலாமே' என்று கேட்பீர்கள். டெலிவரிக்கு முன் அழுக்குத் துணியால் துடைத்துக் கொடுத்த புது வண்டிகளிலும் வெயிலில் பார்த்தால் வட்டக் கீறல் தெரியும். அதனால் 'இந்த விலையிலிருந்து. வண்டியை நேரில் பார்த்த பின்பே உறுதி' என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து விலை சொல்லாதீர்கள், படத்தில் கீறல் தெரியாது. பெயின்ட் மீட்டர் ஒன்று வாங்கி, ஒவ்வொரு பேனலின் அளவையும் ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே மெஷினைத் தொடுங்கள்.

கோட்டிங் விற்க வரும் டிஸ்ட்ரிபியூட்டர்களிடமும் ஜாக்கிரதை. இத்தனை பாட்டில் எடுத்தால் 'அங்கீகரிக்கப்பட்ட ஸ்டுடியோ' போர்டு இலவசம், வெப்சைட்டில் போட வாசகமும் தருகிறோம் என்பார்கள். அந்த வாசகத்தில் '9எச் கடினம், கீறலே விழாது, 5 வருட வாரண்டி' என்றிருக்கும். 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையில் வரும் அளவு. லாரி டயர் தெறிக்கும் கல்லை அது தடுக்காது. வாரண்டி யார் கையெழுத்தில், எந்த நிபந்தனையோடு என்று தாளில் வாங்காமல் உங்கள் பக்கத்தில் ஏற்றாதீர்கள். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் உண்டு. கீறல் விழுந்த கஸ்டமர் தேடி வருவது உங்கள் ஷெட்டுக்குத்தான். டிஸ்ட்ரிபியூட்டர் போனை எடுக்க மாட்டார்.

கடைசியாக ஜிஎஸ்டி. சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அதுவரை பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவில்லாமல் வரி வசூலிப்பது சட்டப்படி குற்றம். பதிவு செய்த பின் 18 சதவீதம். உங்கள் 3,100 ரூபாய் வரியோடு சேர்ந்த விலை என்றால் கையில் நிற்பது 2,627. அடக்கமே 2,710. கெமிக்கலுக்குக் கட்டிய வரி கொஞ்சம் கழியும், பையன்களின் சம்பளத்துக்குக் கழிவே கிடையாது. ஆகவே விலைப்பட்டியலின் கீழே 'வரி பொருந்தினால் கூடுதல்' என்று முதல் நாளே ஒரு வரி போட்டுவிடுங்கள். திறப்பு விழா அன்றிலிருந்தே வரிசை எண் போட்டு பில் எழுதுங்கள். மாத வரவு ஒன்றரை லட்சத்தைத் தொட்டதும் ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள். நோட்டீஸ் வந்த பிறகு போனால் அவருக்கும் சேர்த்துச் செலவு.