கதவைச் சாத்திக்கொண்டு என்ன தியானம்?

கேள்வி: எனக்கு வயது 53. சிங்கப்பூரில் வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கிறேன். வேலை அழுத்தத்தால் தூக்கம் கெட்டு, ஆறு மாதமாகக் காணொளி பார்த்துத் தாய்ச்சி என்ற, மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சியைச் செய்கிறேன். மைண்ட்ஃபுல்னஸ் தியானத்துக்கு, அதாவது அந்தந்த நொடியில் நடப்பதை விழிப்போடு கவனிக்கும் தியானத்துக்கு, ஒரு செயலி வைத்திருக்கிறேன். இப்போது இடது முழங்கால் வலிக்கிறது. காலை 5 மணிக்குத் தியானத்தில் உட்கார்ந்தால், 80 வயது அம்மா கைத்தடியைத் தட்டிக்கொண்டு கழிவறைக்குப் போகும் சத்தம் கவனத்தைக் கலைக்கிறது, கதவைச் சாத்திக்கொள்கிறேன். பணம் கட்டி ஆசிரியரிடம் கற்பது அவசியமா? நல்ல ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தம்பி, முழங்கால் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆசிரியர் கட்டாயம் வேண்டும். தாய்ச்சியில் எடை ஒரு காலில் முழுசாக இறங்கிய பிறகுதான் மறு கால் நகரும். எடை தாங்கும் பாதம் அசையாமல் இருக்க உடம்பை மட்டும் திருப்பினால், அந்தத் திருகல் மொத்தத்தையும் முட்டி வாங்கிக்கொள்ளும். கால்விரல் பார்க்கும் திசையைத்தான் முட்டியும் பார்க்க வேண்டும். காணொளியில் வருபவருக்கு உங்கள் முட்டி தெரியாது. ஆசிரியர் என்றால் குனிந்து, இரண்டு விரலால் அதை ஒதுக்கிச் சரி செய்துவிட்டுப் போவார். அதற்குத்தான் பணம். இப்போதைக்குப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள்.

யாரிடம், எத்தனை வருஷம் கற்றார் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். முறையாகக் கற்றவர் தயங்காமல் சொல்வார். முதல் நாளே உங்கள் முட்டியையும் ரத்த அழுத்தத்தையும் அவர் விசாரிக்க வேண்டும். 1956-இல் சீனாவில் தொகுத்த 24 அசைவுத் தொடரைத்தான் புதியவர்களுக்குப் பரவலாகச் சொல்லித் தருகிறார்கள். அதைப் பத்தே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர் பக்கம் போகாதீர்கள்.

சரி, கைத்தடிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. 80 வயது அம்மா, விடியாத நேரத்தில், ஒற்றைக் கம்பை நம்பி ஈரத் தரைக்குப் போகிறார். மகன் தூங்கவில்லை. விழித்திருந்துதான் கதவைச் சாத்துகிறார்! விழிப்போடு இருக்கப் பழகத்தானே தம்பி, நீங்கள் உட்கார்ந்தது?

சத்தத்தை விரட்டச் சொல்லும் தியானம் இல்லை மைண்ட்ஃபுல்னஸ். 1979-இல் ஜான் கபாட்-ஸின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சிக்கு நாள்பட்ட வலியோடு பலர் வந்தார்கள். வலி போகட்டும், அப்புறம் கண்ணை மூடலாம் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? அந்த வலியையே கவனிக்கப் பழகினார்கள். உங்களுக்கு வாய்த்தது கைத்தடி. டக். பாதம் இழுபடும் ஓசை. மறுபடி டக். நடுவில் எங்காவது நிற்கிறதா? நின்றால், மூச்சு வாங்குகிறாரா, தலை சுற்றுகிறதா, சுவரைத் தேடுகிறாரா? ஆறு மாதமாக அந்தச் சத்தத்தை வெறுத்திருக்கிறீர்களே தவிர, ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டீர்களா? பெற்றவளைத் தொந்தரவாக நினைத்துத் தேடும் நிம்மதி எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

நாளைக் காலை கதவைத் திறந்து வையுங்கள். கம்பு தட்டியதும் எழுந்து போய் அம்மாவின் முழங்கைக்குக் கீழே கை கொடுங்கள். அவர் வேகத்துக்கு நடங்கள். கழிவறையில் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள்; முதியோர் இருக்கும் வீவக வீடுகளுக்கு மானிய விலையில் கைப்பிடி பொருத்தித் தருகிறார்கள், தரை வழுக்காமல் இருக்கவும் வழி செய்கிறார்கள்.

அப்புறம், வகுப்புக்கு அம்மாவையும் கூட்டிப்போங்கள். நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் தாய்ச்சியும் உண்டு. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஆரிகனில் பார்க்கின்சன் (நடுக்கமும் தள்ளாட்டமும் தரும் நரம்பு நோய்) நோயாளிகள் வாரம் இரண்டு முறை, 24 வாரம் தாய்ச்சி செய்து பார்த்ததில், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். அம்மாவின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் பேசும்போது கட்டணத்தை அப்புறம் கேட்கலாம். முதலில், அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட முடியுமா என்று கேளுங்கள்.