துடிப்பு 130 ஆனால் பயமில்லை, நெஞ்சு இறுக்கினால் நில்லுங்கள்

கேள்வி: வயது 42, சத்துவாச்சாரி. சர்க்கரை, பிரஷர் கிடையாது. கொரோனா காலத்தில் வேலூர் கோட்டைப் பக்கம் நடைப்பயிற்சி நின்றுவிட்டது. மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் செய்கிறேன், படி ஏறி இறங்குகிறேன். துடிப்பு 130 ஆகிறது. ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் நடுவில் 91 காட்டியது. இரண்டு கெண்டைக்காலும் வலிக்கிறது. உடற்பயிற்சியின்போதே சுருண்டு விழுந்தவர்களின் வீடியோக்களைப் பார்த்த பிறகு தினம் ஒரு ஆஸ்பிரின் போடுகிறேன். தொடரலாமா?

பதில்: பயிற்சியைத் தொடருங்கள், ஆஸ்பிரினை இன்றே விடுங்கள். இதயநோய் இல்லாத உங்களுக்கு அதனால் வரக்கூடியது வயிற்றுப் புண்ணும் ரத்தக்கசிவும்தான். வாட்ஸ்அப் வீடியோ மருந்துச் சீட்டு ஆகாது. (இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது.)

220-இல் வயதைக் கழித்தால் உங்களுக்கு 178; அது துடிப்பின் ஏறக்குறைய உச்ச அளவு. மிதமான பயிற்சியில் துடிப்பு ஏறக்குறைய 114 முதல் 135 வரை இருக்கலாம். பயிற்சியின் நடுவே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். கை ஆடும்போது ஆக்ஸிமீட்டர் தப்பாகக் காட்டலாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மருதாணி இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைத்த பிறகு பாருங்கள். அப்போதும் 94-க்குக் கீழே இருந்தால் மருத்துவமனைக்கு வரவேண்டும். வெறுங்காலுடன் சிமென்ட் தரையில் குதித்தால் கெண்டைக்கால் வலிக்கத்தான் செய்யும்; ஷூ போடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைத்தான் நான் தேடினேன். படி ஏறும்போது நடு நெஞ்சில் இறுக்கமோ பாரமோ வந்து, நின்றால் சில நிமிடங்களில் அடங்கி, மறுபடி ஏறினால் திரும்ப வருகிறதா? தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிறதா? இதயத் தசைக்கு உழைப்புக்கேற்ற ரத்தம் போகவில்லை என்பதன் அடையாளம் அது. நம்மூரில் இதை வாயு என்று சொல்லி சோடா குடித்துவிட்டு மறுநாளும் ஏறுகிறார்கள். வாயு, படிக்கட்டை எண்ணிக்கொண்டு வராது. அப்படி ஒரு முறை வந்தாலும் பயிற்சியை நிறுத்தி, அன்றே இசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஓய்வெடுத்து ஐந்து நிமிடமாகியும் அடங்காவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். பயிற்சியின் நடுவே மயங்கி விழுந்தாலும் இதே அவசரம்தான். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், கடும் பயிற்சிக்கு முன்பே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வாரம் 150 நிமிடம் போதும்: நாளுக்கு 30 நிமிடம், ஐந்து நாள். முதல் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடை. பிறகு அரை நிமிடம் ஸ்கிப்பிங், அரை நிமிடம் நடை என்று பத்து நிமிடம். கைப்பிடியை ஒட்டிப் படி ஏறி இறங்குவது பத்து நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் மெதுநடை. சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். வேலூர் வெயிலை வாங்கிய மாடித்தளம் சாயங்காலமும் கொதிக்கும். காலை ஏழுக்குள் முடியுங்கள்.

காய்ச்சலோ இருமலோ இருந்தால் பயிற்சியே வேண்டாம். எல்லாம் நின்று ஏழு நாள் கழித்து, வெறும் நடையிலிருந்து ஆரம்பியுங்கள்.